விலாசம் மாறினால் காப்பீட்டு அட்டை செல்லாதா?

கேள்வி: கூவம் கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். ரேஷன் கார்டில் பழைய விலாசம்தான். கணவருக்கு இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். ‘பழைய காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது, புதிதாக எடுக்க 3,000 ரூபாய்’ என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை தமிழ்நாடு முழுக்கச் செல்லும். விலாசம் மாறியதால் அது ரத்தாகாது. அட்டைக்குக் கட்டணமும் கிடையாது. நடப்பில் இருக்கிறதா என்று 1800 425 3993 எண்ணில் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

விலாசத்தைவிட, அட்டையில் கணவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மகன் பெயர் இன்னும் அம்மா வீட்டு ரேஷன் கார்டில்தான் இருக்கும். அப்படியென்றால் மாமியார் வீட்டு அட்டையைக் கொண்டுபோங்கள். சிகிச்சை நேரத்தில் பெயரை அங்கே நீக்கி இங்கே சேர்க்கக் கிளம்பாதீர்கள். அங்கே நீக்கி, இங்கே ஏறுவதற்குள் அவர் எந்தக் கார்டிலும் இல்லாமல் போவார். திட்டத்தில் கிடைக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைச் செலவு அட்டையிலுள்ள எல்லோருக்கும் பொது. மாமியார் ஏற்கெனவே ஏதாவது அறுவை சிகிச்சை செய்திருந்தால் மீதி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

அட்டையே இல்லையென்றால், ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். புரோக்கரிடம் வீடு ஒதுக்கீட்டு ஆணையின் அசலைத் தராதீர்கள், நகல் போதும். அசல் கைமாறினால் வீட்டுக்கே வம்பு.

இன்னொரு பொறி திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையில். ‘இப்போது டெபாசிட் கட்டுங்கள், காப்பீடு வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்பார்கள். இது ரொக்கமில்லாச் சிகிச்சை. அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் அட்டையைக் காட்டி, ஒப்புதல் வந்ததா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைக்கு அட்டை இல்லாமலும் போகலாம்.

செம்மஞ்சேரி சென்னை மாநகராட்சி. ஒட்டியுள்ள பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சி. ‘உங்கள் ஏரியா இது இல்லை’ என்று இந்த எல்லையைக் காட்டி மக்களை அலைக்கழிக்கிறார்கள். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த அரசிடம் குடும்பப் பட்டியல் முழுதாக இருக்கிறது. அதை வைத்து ரேஷன் கார்டையும் காப்பீட்டையும் குடியிருப்பு வாசலிலேயே மாற்றித்தர ஏன் முடியவில்லை? புரோக்கர் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். அங்கே அந்த மாத்திரை இல்லையென்றால், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.