பிழைப்பு ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம்

அன்புள்ள ஐயா,

ஐரிஷ் புல்லாங்குழல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மைக் ராஃபர்ட்டியைத் தேடிக் கேட்டேன். முதல் இசைத்தட்டு வரும்போது அவருக்கு எழுபது வயது நெருங்கிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. இவரை எப்படி முழு இசைக்கலைஞர் என்கிறீர்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

தாராளமாகச் சொல்லலாம். அந்த இசை கச்சேரி மேடையில் வளர்ந்ததல்ல. அயர்லாந்தின் கிராமத்து வீடுகளில், அடுப்புத் தீயைச் சுற்றி, ஆட்டத்துக்காக வாசித்த இசை. வாசித்தவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். அவர்கள் கையில் மரக்குழல் வந்து சேர்ந்ததே ஒரு கதை. 1847-இல் போம் என்ற ஜெர்மானியர் உலோகக் குழலை உருவாக்கினார். ஐரோப்பிய இசைக்குழுக்கள் மெல்ல அதற்கு மாற, கழித்துப்போட்ட மரக்குழல்கள் மலிவாகக் கிடைத்தன.

ராஃபர்ட்டி 1926-இல் அயர்லாந்தின் கிழக்குக் கால்வே பகுதியில், பாலினகில் பக்கம் பிறந்தவர். கற்றுக்கொடுத்தவர் அப்பா டாம். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பீப்பாய்’. பார்வை இழந்தவர். அப்படிப்பட்டவரிடம் காதால் கேட்டுத்தானே கற்க முடியும்! 1949-இல் மகன் அமெரிக்கா போனார். நியூ ஜெர்சியில் வேலை, குடும்பம் என்று பல வருடங்கள் குழல் பின்னுக்குப் போனது. 1970-களில் மறுபடி எடுத்தார். 1976-இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நாட்டார் கலை விழாவில் வாசித்தார். அப்புறம் 1996 முதல் மகள் மேரியோடு சேர்ந்து இசைத்தட்டுகள். 2010-இல் அமெரிக்க அரசு நாட்டார் கலைஞர்களுக்குத் தரும் உயரிய விருது. அடுத்த வருடமே காலமானார்.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்து நான் அவரை மதிக்கவில்லை. அவரிடம் கற்றவர்களை வைத்து மதிக்கிறேன். இந்த இசையில் நுணுக்கமெல்லாம் தாளில் ஏறாது. ‘ரோல்’ என்று ஒன்று உண்டு. ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே, மேலே உள்ள ஒரு விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி வைக்க வேண்டும். உடனே கீழே உள்ள ஒரு விரலால் துளையைத் தட்டி எடுக்க வேண்டும். மூச்சு அறுபடாது, நாக்கு அசையாது. ஒரே சுரம் மூன்று முறை துள்ளுவது போலக் கேட்கும். எழுதிக் காட்டினால் ஐந்து சுரம். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் இடைவெளியை எப்படி எழுதுவது? எதிரே உட்கார்ந்து ஒருவர் வாசிக்க, அதைக் கேட்டு நாம் திருப்பி வாசித்தால்தான் வரும். அப்பாவிடம் வாங்கியதை அவர் கடல் தாண்டிக் கொண்டுபோய், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படித்தான் கைமாற்றினார். அவர்களில் சிலர் இன்று தாங்களே ஆசிரியர்கள். இதைவிடப் பெரிய இசைவாழ்க்கை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு முறை கேளுங்கள். கிழக்குக் கால்வே வாசிப்பில் அவசரம் இருக்காது. ஆட்ட மெட்டு நிற்காமல் ஓடுவதால், மூச்செடுக்க ஏதாவது ஒரு சுரத்தை விட்டே ஆக வேண்டும். எந்தச் சுரத்தை விடுகிறார், அதே மெட்டு மறுபடி சுற்றி வரும்போது எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள். மகளோடு வாசித்த முதல் தட்டிலிருந்து தொடங்கினால் நல்லது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.