திருடாதே என்பது மட்டும் ஏன் இன்னும் நிற்கிறது?

கேள்வி: பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். "விவிலியத்தின் லேவியர் நூல் பன்றி இறைச்சி வேண்டாம் என்கிறது, நாம் சாப்பிடுகிறோம். திருடாதே என்றும் அதே நூல் சொல்கிறது. அதை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறோம்?" என்று ஒரு பையன் கேட்டான். என்ன சொல்லட்டும்?

பதில்: அருமையான கேள்வி, அவனை அடக்கிவிடாதீர்கள். லேவியர் 19ஐத் திறங்கள். 18ஆம் வசனம் அடுத்திருப்பவரை நேசிக்கச் சொல்கிறது. 19ஆம் வசனம் இரு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. நடுவே ஒரு கோடுகூட இல்லை.

கோட்டைத் தெளிவாகப் போட்டுக் காட்டியவர் 13ஆம் நூற்றாண்டு இறையியலர் தாமஸ் அக்வினாஸ். மோசேயின் சட்டத்தை அறநெறி, சடங்கு, நீதிமுறை என்று மூன்றாகப் பார்த்தார். திருட்டு தவறு என்பது எழுதப்படுவதற்கு முன்பே மனித அறிவுக்கு எட்டும் இயற்கைச் சட்டம். சீனாய் மலையில் கடவுள் அதை உறுதிப்படுத்தினார், அவ்வளவுதான். ஆகவே அது காலாவதி ஆகாது. உணவு விலக்கு சடங்கு வகை. இஸ்ரயேலைத் தனி மக்களாகக் காட்டவும், வரவிருந்த கிறிஸ்துவைச் சுட்டவும் வந்தது. கிறிஸ்து வந்தபின் அதன் வேலை முடிந்தது என்பது அக்வினாஸின் வாதம்.

இது பிற்காலத்தவர் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. விருத்தசேதனமும் சடங்கு வகைதான்; பிற இனத்தாருக்கு அது வேண்டுமா என்று எருசலேமில் திருத்தூதர்களே கடுமையாக வாதாடித்தான் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் (திருத்தூதர் பணிகள் 15).

நீதிமுறைச் சட்டம் என்பது இஸ்ரயேல் மக்களின் சமூக வாழ்வை ஒழுங்குபடுத்திய சட்டம். அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் விவிலியத்தின் இணைச் சட்டம் நூல் 22:8. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாரும் விழுந்துவிடக் கூடாது என்கிறது. பழைய இஸ்ரயேலின் சட்டமாக அது இன்று நம்மைக் கட்டாது. ஆனால் அதற்குள் இருக்கும் அக்கறை கட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: இந்த மூன்று பெயர்களும் விவிலியத்தில் இப்படிப் பட்டியலாக இல்லை. வாசித்துப் புரிந்துகொள்ள வந்த கருவி அது. அப்புறம், வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பதை இதோடு குழப்ப வேண்டாம். அது திருச்சபை வகுத்த சட்டம்; திருச்சபையே தளர்த்தவும் முடியும்.

அடுத்த வகுப்பில் 19ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளே பிரிக்கட்டும். கூலியாளின் சம்பளத்தை விடியும்வரை வைத்திருக்காதே என்ற 13ஆம் வசனத்தை எளிதில் அறநெறியில் வைத்துவிடுவார்கள். ஓய்வுநாள் சொல்லும் 3ஆம் வசனத்தில்தான் தடுமாறுவார்கள். அக்வினாஸ் அதை இரண்டாகப் பிரித்தார்: கடவுளுக்கென்று நேரம் ஒதுக்குவது அறநெறி, ஏழாம் நாள் என்று குறிப்பது சடங்கு.