எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழுமா?

கேள்வி: பறந்துகொண்டிருந்த சிறுவிமானம் ஒன்று எஞ்சின் நின்றுபோய் வயலில் இறங்கிக் கவிழ்ந்ததாகப் படித்தேன். அது கல்லைப் போல் விழாமல் எப்படி இறங்கியது? எங்கள் பக்கத்து நெல்வயல்களில் அப்படி இறங்க இயலுமா?
– வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின் மேலும் கீழும் ஓடும் காற்று. எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றே தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தைக் காத்துக்கொள்கிறார். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172, காற்றில்லாத வேளையில், 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தூரம் மிதந்து செல்லும். அதற்குள் இடம் தேர்ந்து இறங்க அவருக்கு நான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். மேலேறத் தொடங்கிய சில நொடிகளில் எஞ்சின் நின்றால்தான் ஆபத்து மிகுதி: ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று தாழ்வான உயரத்தில் விமானத்தைச் சரித்துத் திருப்பும்போது வேகம் குறைந்து, இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நேர் எதிரே முட்புதர்தான் இருந்தாலும் அதில் இறங்குவதே மேல் என்பேன்.

எஞ்சின் நிற்பதற்கு எரிபொருள் தீர்வதும், அதில் தண்ணீர் கலப்பதும் காரணமாகலாம். வியப்பான காரணம் ஒன்றும் உண்டு. பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் அது ஆவியாகும்போது வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் குறையக்கூடும் என்பதால், ஈரம் மிகுந்த காற்றில், பனியே அறியாத ஊரிலும், உள்ளே பனிக்கட்டி படிந்து வழியை அடைத்துவிடும். அதைக் கரைக்கச் சூடான காற்றைச் செலுத்தும் கைப்பிடி விமானியின் முன்னே இருக்கிறது. ஆனால் அதை உரிய நேரத்தில் இழுத்தாக வேண்டும்.

உங்கள் வயல்களைப் பொறுத்தவரை, அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் நாட்களில், வரப்புகள் குறுக்கிடாத நீளவாக்கில், கணவாய்க் காற்றை எதிர்த்து இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. நடவு முடிந்து நீர் நிற்கும் வயலிலோ முன்சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும். கரும்பனை வரிசைகளும், மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகளும் அதைவிடக் கொடியவை.

எஞ்சின் நின்ற விமானம் ஓசையின்றி வரும் என்பதை வயலில் வேலை செய்வோர் அறிந்திருக்க வேண்டும். அருகே ஓடுபவர்கள் பீடி, தீக்குச்சி எதையும் பற்றவைக்காமலும், நின்றுபோன விசிறியைத் தொடாமலும் உள்ளே இருப்பவர்களை மீட்டு, 112 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சிதறிய துண்டுகளைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எஞ்சின் ஏன் நின்றது என்பதை விசாரணை அதிகாரிகள் அவற்றைக் கொண்டே கண்டறிகிறார்கள்.