தாடியஸ் ஸ்டீவன்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அடிமை ஒழிப்பு பற்றிய கட்டுரையில், பென்சில்வேனியா வழக்கறிஞரும் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருமான தாடியஸ் ஸ்டீவன்ஸைச் சமத்துவப் போராளி என்று எழுதியிருக்கிறீர்கள். அவரே 1821இல் ஓர் அடிமை உரிமையாளர் தரப்பில் வாதாடி ஜெயித்தவர்தானே? பிறகு செய்ததெல்லாம் வெறும் அரசியல் கணக்கா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஜெயித்தார். அதை மழுப்பக் கூடாது. பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவந்த அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அவருக்கு விடுதலை. சேரிட்டி பட்லர் மேரிலாந்திலிருந்து பலமுறை அங்கே கொண்டுவரப்பட்டவர். வந்து தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் தாண்டும் என்றது அவர் தரப்பு. தொடர்ந்து ஆறு மாதம் தங்கியிருக்க வேண்டும், விட்டு விட்டு வந்ததைக் கூட்டக் கூடாது என்றார் ஸ்டீவன்ஸ். நீதிமன்றம் அதை ஏற்றது. அந்தப் பெண்ணின் விடுதலை அதோடு போயிற்று.

ஆனால் 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்றபோது, அதை இயற்றிய மாநாட்டில் உறுப்பினராக இருந்தும் ஸ்டீவன்ஸ் கையெழுத்துப் போட மறுத்தார். அதனால் அவருக்கு ஒரு வாக்குகூடக் கூடியிருக்காது.

அரசியல் கணக்கு என்று நீங்கள் சொல்வது 1865க்குப் பொருந்தும், நான் அதைப் பாராட்டாகவே சொல்வேன். அதுவரை மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குத் தொகுதிகளைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள். அடிமைமுறை ஒழிந்ததும் ஐந்தும் ஐந்தாகிவிடும். வாக்கே இல்லாத கறுப்பர்களின் தலைகளைக் காட்டி, உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்கள் முன்பைவிடக் கூடுதல் இடங்களோடு காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, திரும்பும்.

அதை வாசலிலேயே தடுக்க வேண்டியிருந்தது. பதவியேற்ற உறுப்பினரை வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பதவியேற்குமுன் நிறுத்திவைக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். எனவே புதிய காங்கிரஸ் கூடும் முதல் நாள் வாசிக்கும் பெயர்ப்பட்டியலில்தான் எல்லாம் இருந்தது. டிசம்பர் 4 அன்று கீழவையான பிரதிநிதிகள் அவையின் எழுத்தர் எட்வர்ட் மெக்ஃபெர்சன் பட்டியலை வாசித்தார். அவர் ஸ்டீவன்ஸின் ஆள். தென் மாநிலப் பெயர்களைத் தாண்டிப் போனார். தென் மாநிலமான டென்னஸியின் ஹொரேஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றார். வாசிப்பை நிறுத்த முடியாது என்று மறுத்துவிட்டார் மெக்ஃபெர்சன். இரு அவைகளுக்கும் பொதுவாகப் பதினைந்து பேர் குழு அமைக்கும் தீர்மானத்தையும் ஸ்டீவன்ஸ் அன்றே கொண்டுவந்தார். கறுப்பர்களுக்குக் குடியுரிமையும் சட்டத்தின் முன் சமத்துவமும் தந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் அந்தக் குழுவிலிருந்து வந்தது. 1866 ஜூன் 13இல் பிரதிநிதிகள் அவையில் 120க்கு 32 என்ற வாக்குகளில் நிறைவேறியது.

அதிலும் குறை உண்டு. அந்தத் திருத்தம் வாக்குரிமையை நேராகத் தரவில்லை. ஆண்களின் வாக்கை மறுக்கும் மாநிலத்துக்கு அதற்கேற்ப இடங்கள் குறையும் என்று மட்டும் சொன்னது. அந்தத் தண்டனை ஒருமுறைகூட நடைமுறைக்கு வரவில்லை. குறை தெரிந்தேதான், இப்போதைக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று ஸ்டீவன்ஸ் ஆதரித்தார்.

1868 ஆகஸ்ட் 11இல் இறந்தார். அவர் வாழ்ந்த பென்சில்வேனிய ஊரான லங்காஸ்டரின் மற்ற கல்லறைத் தோட்டங்கள் தங்கள் விதிகளில் இனம் பார்த்ததால், எல்லோரையும் ஏற்ற ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்திருந்தார். அந்த விதிகளைக் குறிப்பிட்டு, தான் அங்கே கிடக்கும் காரணத்தையும் கல்லில் பொறிக்க எழுதிவைத்திருந்தார்.