முழங்கால் வலியோடு கிராத்தெஸ் கோட்டைக்குப் போகலாமா?

கேள்வி: ஜூன் கடைசியில் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்திலேயே கிராத்தெஸ் கோட்டை இருக்கிறது, ஒருநாள் போகலாம் என்கிறான். எனக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாதவள் அங்கே போய் என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. கிராத்தெஸ்ஸில் கோட்டையைவிடத் தோட்டம்தான் விசேஷம் என்பது என் கட்சி.

முதலில் படி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அகழியும் மதிலுமாகப் பரந்து கிடக்கும் கோட்டை இல்லை இது. 1553-இல் கட்ட ஆரம்பித்து 1596-இல் முடித்த உயரமான கோபுர வீடு. அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் குறுகலான சுழல்படியில்தான் ஏற வேண்டும், அதிலும் ஏறி வரும் எதிரி தடுக்கி விழட்டும் என்றே ஒரு படியை மட்டும் வேறு அளவில் வைத்திருக்கிறார்கள். எதிரிக்கு வைத்தது நமக்கும்தான். முதல் மாடிக் கூடம் வரை மெதுவாக ஏற முடிந்தால் போதும், கணப்புக்கு மேலே ஒரு தந்தக் கொம்பு மாட்டியிருக்கும். 1323-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் த புரூஸ், பிற்பாடு இந்தக் கோட்டையைக் கட்டிய பர்னெட் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தபோது கூடவே கொடுத்தது என்பார்கள். மேல் மாடிகளில் இருக்கும் ஓவியம் தீட்டிய மரக் கூரைகளையும், கைக்குழந்தையோடு வருவதாகச் சொல்லப்படும் பச்சை உடைப் பேயின் அறையையும் மகன் பார்த்துவிட்டு வரட்டும்.

நீங்கள் தோட்டத்துக்கு நேரம் வையுங்கள், இரண்டு மணி நேரமாவது. மதில் சூழ்ந்த, ஏறக்குறைய 4 ஏக்கர் இடம், எட்டுப் பகுதிகளாகப் பிரித்தது. 1702-இல் நட்ட யூ (yew) என்னும் பசுமை மாறா மர வேலிகள் இன்னும் நிற்கின்றன, முட்டை மாதிரியும் வேறு வடிவங்களிலும் வெட்டி வைத்திருப்பார்கள், சுவர் போலக் கனம். (யூ மரம் விஷம். பேரக் குழந்தைகள் வந்தால் கையில் பறித்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) செடிகளை நிறம் பார்த்து வைத்தது 20-ஆம் நூற்றாண்டில், சர் ஜேம்ஸ் பர்னெட்டும் அவர் மனைவி சிபிலும் செய்த வேலை: அவருக்கு மரமும் புதரும் பைத்தியம், அந்த அம்மாவுக்குப் பூவும் நிறமும். நீங்கள் போகும் மாதம் பொருத்தமானது, 'ஜூன் பார்டர்' என்றே ஒரு பூப்பாத்தி வரிசை இருக்கிறது, அதன் நடுவே நின்று பார்த்தால் கோட்டை நேர் எதிரே தெரியும். சரிவான இடம் என்பதால் இங்கேயும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அபர்டீனிலிருந்து மேற்கே சுமார் 15 மைல். பக்கத்து ஊரான பான்கரிக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும், ஆனால் சாலையிலிருந்து உள்ளே நடக்க வேண்டும், அதனால் கார்தான் உங்களுக்குச் சரி. இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கிறதே என்று சாவகாசமாகக் கிளம்பாதீர்கள், வெளிச்சத்துக்கும் கேட் மூடும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை. அப்புறம், இது பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற அமைப்பின் வசம் உள்ள இடம். எடின்பரோ கோட்டையைப் பார்த்துக்கொள்வது வேறு அமைப்பு, அந்த உறுப்பினர் அட்டை இங்கே செல்லாது. இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அட்டை மகனிடம் இருந்தால் அது செல்லும்.