அண்ணாமலைச்சேரியில் பூநாரை கறுப்பாத் தெரிவது ஏன்?

காலை 8 மணிக்கு 30 பேரைக் கூட்டிப்போனோம், பூநாரை (ஃபிளமிங்கோ) எல்லாம் கறுப்பு நிழலாத்தான் தெரிஞ்சுது, கிட்டப் போனதும் பறந்துடுச்சுன்னு கேட்டிருக்கீங்க. அண்ணாமலைச்சேரி பழவேற்காடு ஏரியோட மேற்குக் கரை சார். காலை வெயில் நேரே கண்ணுல அடிக்கும். மாலை 3.30-க்கு மேல போங்க, வெயில் முதுகுப்பக்கம் வந்துடும், காலின் ரோஸ் நிறம்கூடத் தெரியும். மதியம் வேண்டாம்: கானல் ஆடும்போது டெலஸ்கோப்பை 20 மடங்குக்கு மேல ஏத்தினா பறவையும் சேர்ந்து நெளியும்.

சேத்துல இறங்கவே கூடாது. மேயுற பூநாரை தலையைத் தண்ணிக்குள்ள கவிழ்த்தே வெச்சிருக்கும். கழுத்தை நிமிர்த்தி எல்லாம் ஒரே பக்கமா நடக்க ஆரம்பிச்சா, அதுதான் எச்சரிக்கை. அங்கேயே நின்னுடுங்க. பத்துப் பத்துப் பேராப் பிரிஞ்சு போறது நல்லது.

கூடு பார்க்கணும்னா ஆந்திரா பக்கம் சூளூர்ப்பேட்டை தாண்டி நேலபட்டு பறவைகள் சரணாலயம். அங்கே பூநாரை கூடு கட்டாது; கூழைக்கடா (பெலிக்கன்), நத்தைகுத்தி நாரை மாதிரிப் பறவைகள்தான்.