குழந்தைக்கு மஞ்சள் காமாலை, நீல லைட்: கேளுங்கள், சொல்கிறேன்

பச்சிளங்குழந்தை வார்டில் 19 வருடமாக நர்ஸ் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், பிறந்து 3 நாள். லைட்டில் வைக்கணும் என்கிறார் டாக்டர். வெறும் வெளிச்சம் மஞ்சளை எப்படிக் குறைக்கும்?

ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் பக்குவப்படுத்தினால்தான் வெளியேறும். பிறந்த புதிதில் கல்லீரலுக்கு அந்த வேகம் வராது. 460 முதல் 490 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள நீல ஒளி தோலில் பட்டதும் பிலிருபின் மூலக்கூறு வடிவம் மாறுகிறது. அப்படி வருவதில் ஒன்று லூமிருபின். அது கல்லீரலை எதிர்பார்க்காமல் பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். சாம்பிள் டியூபிலும் இதே மாற்றம் நடக்கும். அதனால்தான் ரத்தம் எடுத்த கையோடு டியூபை அலுமினியத் தாளில் சுற்றுகிறோம். வெளிச்சத்தில் கிடந்தால் ரிப்போர்ட் குறைத்துக் காட்டும்.

கண்ணுக்கு ஆபத்தா?

கண்பட்டை கட்டித்தான் வைப்போம். நழுவி மூக்கை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை வெயிலில் காட்டினால் போதாதா?

போதாது. எவ்வளவு ஒளி பட்டது என்று அளக்க முடியாது. தோல் சிவந்துவிடும், உடம்பு சுடும், நீர்ச்சத்து வற்றும்.

7 மணி இளவெயில்?

மேலே சொன்னதுதான்.

நாலு பிள்ளைகளையும் திண்ணை வெயிலில் காட்டித்தான் வளர்த்தேன். இந்த லைட்டே வெயிலைப் பார்த்து வந்ததுதானாமே?

உண்மைதான் அம்மா. எனக்கு மிகவும் பிடித்த கதை அது. 1956, இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் ராச்ஃபோர்டு மருத்துவமனை. வார்டு என்ற பெயருடைய நர்ஸ் ஒருவர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் ஒரு குழந்தையின் வயிற்றைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் அடர் மஞ்சள். துணியின் முனை மூடியிருந்த இடம் அது! பிறகு ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்த டியூபிலும் பிலிருபின் குறைந்திருந்தது. அங்கிருந்த டாக்டர் கிரெமரும் உடன் வேலை செய்தவர்களும் நீலக் குழல்விளக்கு வைத்துப் பார்த்து 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். தன் கண்ணை நம்பிய ஒரு நர்ஸிடமிருந்து தொடங்கியது இது.

அப்போ வெயில் வேலை செய்யும் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்!

செய்யும். வேண்டிய நீல ஒளி அதில் இருக்கிறது. கூடவே புற ஊதாக் கதிரும் சூடும் வருகிறதே! நைஜீரியாவின் லேகோஸில் அவற்றை வடிகட்டும் படலத்தைப் பந்தலில் விரித்து, குழந்தையின் சூட்டைப் பார்த்துக்கொண்டே வெயில் சிகிச்சை கொடுத்தார்கள். வழக்கமான லைட்டுக்கு ஈடாக வேலை செய்ததாக 2015இல் வெளியிட்டார்கள். அந்தப் படலமும் பக்கத்தில் நர்ஸும் மொட்டைமாடியில் ஏது? பிலிருபின் அளவுக்கு மீறினால் மூளைக்குள் போய்விடும். அங்கே சேர்ந்த சேதம் திரும்பாது. அதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

வீட்டு டியூப்லைட் அடியில் படுக்க வைக்கலாமா?

வேண்டாம். அந்த வெளிச்சம் காணாது.

தாய்ப்பாலால்தான் மஞ்சள், நிறுத்து என்கிறார் அத்தை.

நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள். மலம் போனால்தான் பிலிருபின் வெளியேறும். இன்னொன்று: அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணியைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். சில குழந்தைகளுக்கு அதனால் சிவப்பணு உடைந்து மஞ்சள் ஏறும்.

18 நாள் ஆச்சு அக்கா. மஞ்சள் போகலை. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா போறான். வெயிலில் காட்டவா?

வெயிலும் வேண்டாம், லைட்டும் இதற்கு உதவாது. பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன் சீக்கிரம் நடக்க வேண்டும். வெளுத்த மலம் பட்ட துணியையும் எடுத்துக்கொண்டு இன்றே குழந்தை டாக்டரிடம் கிளம்புங்கள்.